மாடியில் வெயில், தெருவில் கம்பி: சூரிய மின் இணைப்பு விதிகள் வேலூருக்கு என்ன சொல்கின்றன

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வீட்டு மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையை. இரண்டாவதாகக் கேட்பது, "ஈபியில் கனெக்‌ஷன் கொடுப்பாங்களா, இழுத்தடிப்பாங்களா?" என்று. முதல் கேள்விக்கு எந்தக் கடைக்காரரும் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்கான பதில் ஒரே இடத்தில் இல்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் கொஞ்சம், மத்திய அரசின் விதிகளில் கொஞ்சம், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளில் கொஞ்சம், மீதி நம் தெரு முனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில் என்று சிதறிக் கிடக்கிறது. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும் முயற்சி இது.

பேட்டரியில் மட்டும் ஓடும் சோலாருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. உங்கள் மாடி, உங்கள் பேட்டரி, உங்கள் விளக்கு, அவ்வளவுதான். பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தைத் தெருக் கம்பியில் அனுப்பிவிட்டு, இரவில் அதே கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால்தான் சட்டம் உள்ளே வருகிறது. கம்பி பொதுவானது. அதில் யார், எவ்வளவு, எந்தத் தரத்தில் மின்சாரம் விடலாம், விட்டதற்கு என்ன விலை என்பதையெல்லாம் யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

சட்டம் யாருடையது?

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இதற்கென ஒரு சட்டம் போட்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மின்சாரம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது, அதாவது மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம். நாடாளுமன்றம் 2003இல் மின்சாரச் சட்டம் கொண்டுவந்தபின், அதற்கு முரணாக மாநிலம் ஏதாவது இயற்றினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது நிற்காது. மின்சாரம் தொடர்பாக நம் சட்டமன்றம் இயற்றிய சட்டங்களில் குறிப்பிட்டுச் சொல்லக்கூடியது மின் நுகர்வு, விற்பனை மீதான வரிச் சட்டம். அதுவும் 2003தான். கட்டண ரசீதில் வரி விழுவது அதன் வழியாகத்தான்.

மாநிலத்தின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்றால், ஆணையத்தில். 2003 சட்டத்தின் 86(1)(உ) பிரிவு, அதாவது ஆங்கில வரிசைப்படி (e) உட்பிரிவு, மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு கடமை விதிக்கிறது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து வரும் மின்சாரத்தை ஊக்குவிக்க வேண்டும், அதற்கு கிரிட்டில், அதாவது பொது மின் வலையில், இணையத் தக்க ஏற்பாடுகள் செய்து தர வேண்டும், யாருக்கு வேண்டுமானாலும் விற்க வழிவகை செய்ய வேண்டும், விநியோக நிறுவனங்கள் இத்தனை சதவீதம் இதிலிருந்து வாங்கியே ஆக வேண்டும் என்று நிர்ணயிக்கவும் வேண்டும். எனவே சூரிய மின் உற்பத்தியாளரைக் கிரிட்டில் சேர்ப்பது மின்வாரியம் மனமிரங்கிச் செய்கிற உதவி அல்ல. சட்டம் எதிர்பார்க்கிற வேலை அது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போவதற்கும் தெரியாமல் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

தமிழ்நாட்டு ஆணையம் 1999இல் அமைந்தது. அரசு கொள்கை வகுக்கும், ஆணையம் ஒழுங்குமுறைகளும் ஆணைகளும் பிறப்பிக்கும், நாம் இன்னும் ஈபி என்றே அழைக்கிற நிறுவனம் அவற்றை நடைமுறைப்படுத்தும். பழைய வாரியம் 2010இல் பிரிந்து உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் டான்ஜெட்கோ, மின்சாரத்தைக் கடத்திச் செல்ல டான்டிரான்ஸ்கோ என்று ஆனது. 2024இல் டான்ஜெட்கோவும் பிரிந்து, விநியோகத்துக்கு ஒரு கழகம், உற்பத்திக்கு ஒன்று, பசுமை ஆற்றலுக்கு ஒன்று என மூன்றானது. பெயர்ப் பலகை எத்தனை முறை மாறினாலும் நம் விண்ணப்பம் போய்ச் சேரும் மேசை உதவிப் பொறியாளருடையதுதான்.

கொள்கைக்கும் ஆணைக்கும் உள்ள வேறுபாடு ஏட்டளவில் உள்ள விஷயம் போலத் தெரியும். அப்படி இல்லை என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012இல் தமிழ்நாடு அரசு ஒரு சூரிய மின் கொள்கையை வெளியிட்டது. 2015க்குள் 3000 மெகாவாட் என்பது இலக்கு. அந்தக் கொள்கையில் இருந்தபடி, உயரழுத்த மின் நுகர்வோரும் பெரிய வணிக நுகர்வோரும் தங்கள் பயன்பாட்டில் ஒரு பங்கைச் சூரிய மின்சாரமாகவே வாங்க வேண்டும் என்று ஆணையமும் உத்தரவு போட்டது. தொழில் நுகர்வோர் வழக்குக்குப் போனார்கள். 2014 ஜனவரியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கொள்கையில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஆணையம் அதை அப்படியே உத்தரவாக மாற்றிவிட முடியாது, சட்டம் தரும் வரம்புக்குள்தான் அது நடக்க வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. மேடையில் அறிவிக்கப்பட்டதை நம்பி முதலீடு செய்பவர்கள் இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மீட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது

வீட்டுக்காரருக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் மீட்டர்தான். இருவழி மீட்டர் என்று சொல்கிறோமே, அது உள்ளே வந்த யூனிட்டையும் வெளியே போன யூனிட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யும். இரண்டையும் எப்படிக் கழிப்பது என்பதில்தான் பத்து வருடமாக விதி மாறி மாறி வந்திருக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியில் நடுத்தரக் குடும்பம், ஒரு ஏசி, இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் செலவு. மாடியில் 3 கிலோவாட் சோலார். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்குத் தினம் சராசரியாக 4 யூனிட் வைத்துக்கொள்ளலாம். ஆக ஒரு நாளைக்கு 12, இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். ஆனால் வீட்டில் பகலில் ஆளில்லை. 250 யூனிட்தான் பகலிலேயே வீட்டுக்குள் செலவாகிறது. மீதி 470 யூனிட் தெருவுக்குப் போகிறது. இரவில் ஏசிக்கும் மற்றதற்கும் 350 யூனிட் தெருவிலிருந்து வருகிறது.

நெட் மீட்டரிங் முறையில் 350லிருந்து 470ஐக் கழிப்பார்கள். நீங்கள் எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம், 120 யூனிட் உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், அடுத்த பில்லில் கழியும். யூனிட்டுக்கு யூனிட் சமம். இதற்குப் பக்கத்தில் இன்னொரு முறை இருக்கிறது: எடுத்த 350 யூனிட்டுக்கு வழக்கமான கட்டணம் போடுவார்கள், கொடுத்த 470 யூனிட்டுக்கு ஆணையம் நிர்ணயித்த வேறொரு குறைந்த விலையைப் போட்டுக் கழிப்பார்கள். பணத்துக்குப் பணம். மாடி ஒன்று, தகடு ஒன்று, வெயிலும் ஒன்று. கழிக்கும் முறை மாறினால் போட்ட பணம் திரும்ப வரும் காலம் பல வருடம் நீண்டுவிடும்.

தமிழ்நாட்டில் 2013இல் நெட் மீட்டரிங் வந்தது. 2019இல் மாநில அரசு புதிய சூரிய மின் கொள்கையை வெளியிட்டது. 2023க்குள் 9000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் கூரைகளிலிருந்து என்று பெரிய இலக்கு. அதே ஆண்டு ஆணையம் பிறப்பித்த ஆணை நெட் மீட்டரிங்கை எடுத்துவிட்டு, பணத்துக்குப் பணம் கழிக்கும் முறையைக் கொண்டுவந்தது. தெருவுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு இரண்டே கால் ரூபாய் அளவில்தான் கிடைத்தது. கூரை மின்சாரத்தை ஊக்குவிக்கச் சொல்லும் கொள்கையும், அதைச் செய்பவருக்கு நஷ்டம் தரும் ஆணையும் ஒரே ஆண்டில் வந்தது வருத்தமான விஷயம். அப்போது தயங்கி நின்றுவிட்ட வீடுகள் ஏராளம். 2021 அக்டோபரில் ஆணையம் மறுபடியும் வீட்டு நுகர்வோருக்கு நெட் மீட்டரிங்கைத் திருப்பிக் கொடுத்தது. தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் பணத்துக்குப் பணம் முறையே தொடர்ந்தது. அதோடு கட்டமைப்புக் கட்டணம் என்று ஒன்றும் சேர்ந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணை. 500ஐத் தாண்டும் வீட்டுக்குத்தான் சோலார் சீக்கிரம் பலன் தரும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடு ஏற்கெனவே மானிய விலையில் மின்சாரம் வாங்குகிறது. அந்த வீட்டில் சோலார் போடுவதால் மிச்சமாகும் தொகை மிகச் சிறியது. விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்லமாட்டார், நாம்தான் பழைய ரசீதுகளை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயில் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில்தான் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம். சோலார் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. தகட்டின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். மே மாத மதியத்தில் மாடியில் தகடு 60 டிகிரிக்குக் கொதித்தால் 14 சதவீதம் அங்கேயே போய்விடும். தளத்திலிருந்து காற்றோட்டம் இருக்கும்படி உயர்த்திப் போட்டால் கொஞ்சம் காப்பாற்றலாம். நம் ஊரில் வானம் தெளிவாகவும் காற்று இதமாகவும் இருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் நன்றாகக் கொடுக்கும்.

பத்து கிலோவாட் வரை கதவு திறந்திருக்கிறது

இணைப்புத் தாமதம் பற்றிய கவலைக்கு வருவோம். மத்திய மின்துறை 2020 டிசம்பர் 31 அன்று மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டது. 2024 பிப்ரவரியில் அதைத் திருத்தினார்கள். வீட்டு மாடிக்காரர் படிக்க வேண்டிய ஒரே தாளைச் சொல்லச் சொன்னால் இந்தத் திருத்தத்தைத்தான் சொல்வேன்.

10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்கு, விண்ணப்பம் எல்லா விவரங்களோடும் இருந்தால், தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு எதுவும் இல்லாமலேயே அது ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். "டிரான்ஸ்பார்மர் பார்க்கணும், ஆள் வரணும், அப்புறம் சொல்றோம்" என்று நிறுத்திவைக்க இந்த அளவில் இடமில்லை. அதற்கு மேல் போனால் ஆய்வு உண்டு, ஆனால் 15 நாளில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஏற்கப்பட்டதாகவே பொருள். பொருத்தி முடித்ததைத் தெரிவித்தபின் மீட்டர் வைத்து இணைப்பை ஓடவிடவும் 15 நாள்தான், முன்பு அது 30 நாள். 5 கிலோவாட் வரை என்றால், தெரு வலையமைப்பை வலுப்படுத்த ஆகும் செலவும் விநியோக நிறுவனத்தின் தலையில்தான்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் அனுமதிக்கப்பட்ட லோடு. வேலப்பாடியிலும் கஸ்பாவிலும் பழைய வீடுகளில் சர்வீஸ் வாங்கியபோது நாலு விளக்கும் இரண்டு மின்விசிறியும்தான் கணக்கு. அப்போது எழுதின லோடே இன்னும் ரசீதில் நிற்கும். அதன்பின் பிரிட்ஜ் வந்தது, மோட்டார் வந்தது, ஏசி வந்தது, லோடு மட்டும் மாறவில்லை. 3 கிலோவாட் சோலாருக்கு மனுப் போடும்போது அந்தப் பழைய எண் குறுக்கே வரும். 2024 திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரை, தேவையான அளவுக்கு லோடையும் சேர்த்து உயர்த்தியே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். அதற்கான கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் லோடு குறைவு என்ற காரணத்துக்காக மனுவைத் திருப்பி அனுப்பக் கூடாது. விண்ணப்பிக்குமுன் ரசீதில் லோடு எவ்வளவு, சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். தாத்தா பெயரிலேயே இருக்கும் சர்வீஸ் நம் ஊரில் எத்தனையோ. பெயர் மாற்றாமல் மானியம் வாங்குவது கடினம்.

மானியம் என்றது பிரதமர் சூரிய வீடு திட்டத்தை. 2024 பிப்ரவரியில் தொடங்கியது, ஒரு கோடி வீடுகளுக்கு 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். மூன்றுக்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதே 78,000தான். அதனால்தான் பெரும்பாலான வீடுகள் 3 கிலோவாட்டில் நிற்கின்றன.

டிரான்ஸ்பார்மர் சொல்லும் பதில்

தாளில் இருக்கும் உரிமை ஒரு பக்கம். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு அதன் சொந்த விதிகள் உண்டு.

அணைக்கட்டு, கே.வி. குப்பம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி வெகுதூரம் ஓடும். கடைசி வீட்டில் மாலையில் லோ வோல்டேஜ், மோட்டார் முனகும், டியூப்லைட் எரியாது. இது நமக்குப் பழகிய காட்சி. ஏரிக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராததைப் போல. சோலார் வந்ததும் அதே கடைசி வீட்டில் மதியத்தில் நேர்மாறாக நடக்கிறது. கடைசி வீட்டு மாடியிலிருந்து மின்சாரம் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பி ஓட வேண்டும், ஓட வேண்டுமானால் அங்கே மின்னழுத்தம் உயர வேண்டும். பக்கத்து வீடுகளில் செலவு இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 250ஐத் தாண்டும்.

சுவரில் மாட்டியிருக்கும் இன்வெர்ட்டரைப் பாருங்கள். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், திடீரென்று சிவப்பாகும், சின்னத் திரையில் கிரிட் ஓவர் வோல்டேஜ் என்று வரும், உள்ளே ரிலே 'டக்' என்று விழும் ஓசை கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே மறுபடியும் எண்ணிக்கொண்டு சேரும், திரும்பவும் விழும். நல்ல வெயில் அடிக்கும் பன்னிரண்டு மணிக்கு உற்பத்தி பூஜ்ஜியம். வீட்டுக்காரர் கம்பெனிக்காரரைத் திட்டுவார். பெரும்பாலும் கம்பெனிக்காரர் மீது தவறில்லை. மத்திய மின்சார ஆணையம் 2013இல் கொண்டுவந்த தரவிதிகள் அப்படி. அழுத்தம் 110 சதவீதத்தை, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினாலோ 80 சதவீதத்துக்குக் கீழே விழுந்தாலோ 2 விநாடிக்குள் கருவி விலகிக்கொள்ள வேண்டும். இதற்குத் தீர்வு தெருவில்தான்: டிரான்ஸ்பார்மரில் டேப் மாற்றி வெளிவரும் மின்னழுத்தத்தைச் சரிசெய்வது, தடித்த கம்பி போடுவது, மூன்று பேசிலும் சமமாக வீடுகளைப் பிரித்து விடுவது. தெருவில் இருக்கும் எல்லா சோலாரும் ஒரே பேசில் மாட்டப்பட்டிருந்தால், பேஸ் மாற்றிப் பிரிப்பதே பெரும்பாலும் பிரச்சினையைத் தீர்த்துவிடும். எழுத்தில் மனுக் கொடுத்து, எந்தத் தேதி, எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று இன்வெர்ட்டர் ஆப்பிலிருந்து எடுத்து இணைத்தால் பொறியாளர் மறுக்க முடியாது.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே என்று குறைப்படுவோர் நிறைய. "வெயில் கொளுத்துது, தகடு இருக்கு, பேன் ஓடலையே!" அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பாதுகாப்பு. லைன் ஆஃப் செய்துவிட்டோம் என்று நம்பித்தான் வயர்மேன் கம்பத்தில் ஏறுகிறார். உங்கள் மாடியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தால் அவர் உயிருக்கு ஆபத்து. வேலூர் மாவட்டத்தில் பராமரிப்பு மின்தடை நாட்களில் எத்தனை பேர் கம்பத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்று யோசித்தால், இந்த ஒரு விதியில் சமரசமே கூடாது என்பது புரியும். கரண்ட் போனபின்னும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அது தெருவைத் துண்டித்துவிட்டு வீட்டை மட்டும் ஓட்டும்.

தோல் தொழிலும் கட்டமைப்புக் கட்டணமும்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. மூன்றுக்கும் பொதுவாக ஓடுவது வறண்ட பாலாறும் அதன் கரையில் இருக்கும் தோல் தொழிலும். இந்தத் தொழிலைக் குறிப்பிடாமல் இங்கே மின்சாரத்தைப் பற்றி எழுத முடியாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அடித்தளம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடுகள் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அறிவித்தார்கள். அதன் தொடர்ச்சியாக ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு பகுதித் தோல் பதனிடும் ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாறின, பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்குப் போயின. உப்பு நீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளுவதும், மிஞ்சியதை ஆவியாக்குவதும் மின்சாரத்தை வாரிக் குடிக்கும் வேலைகள். பாலாற்றைக் காப்பாற்றும் இயந்திரத்தின் கரண்ட் பில்லைக் கட்ட முடியாமல் திணறும் நிலையை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். பரந்த கூரைகள், பகல் நேர ஓட்டம், பெரிய பில் என்று சோலாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

ஆனால் 2021இல் ஆணையம் வகுத்தபடி இவர்களுக்கு நெட் மீட்டரிங் கிடையாது. கட்டமைப்புக் கட்டணமும் உண்டு. கூரையில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அது தெருவுக்கே வராமல் ஆலைக்குள்ளேயே செலவானாலும், இவ்வளவு என்று கட்ட வேண்டும். மின்வாரியத்தின் வாதம் இது: ஆலை இரவிலும் மேகம் மூடிய நாளிலும் கிரிட்டை நம்பியே இருக்கிறது, கம்பியையும் துணைமின் நிலையத்தையும் எந்நேரமும் தயாராக வைத்திருக்கும் செலவை யார் தருவது? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் செலவுக்காகத்தான் கிலோவாட் அளவில் நிலைக்கட்டணம் ஏற்கெனவே வாங்குகிறார்கள். கம்பியைத் தொடாத யூனிட்டுக்குக் கம்பி வாடகை கேட்பது சரியில்லை என்பதே என் கருத்து. சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைப்புகள் போராடியபின் 2023இல் மாநில அரசு இவர்களுக்கு இந்தக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. பாதியாவது குறைந்தது, ஆனால் கொள்கைக் கேள்வி அப்படியே நிற்கிறது.

கூரை போதாதவர்கள் வேறெங்கோ உற்பத்தியாகும் சூரிய, காற்று மின்சாரத்தைக் கிரிட் வழியாகத் தருவித்துக்கொள்ளலாம். 2022 ஜூனில் வந்த மத்திய பசுமை ஆற்றல் திறந்த அணுகல் விதிகள், இதற்கான குறைந்தபட்ச அளவை ஒரு மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறக்கின. பேர்ணாம்பட்டின் நடுத்தர ஆலைக்கும் இதனால் கதவு திறந்தது.

விவசாயிக்கும் நெசவாளிக்கும் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை இலவசம், கைத்தறிக்கு 300. குடியாத்தத்துத் தறிக்காரர் சோலார் போட்டால் அவருக்கு மிச்சம் எதுவும் இல்லை, மிச்சம் அரசுக்குத்தான். ஆகவே அவரைச் செலவு செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை, அரசே அந்தக் கூரைகளை வாடகைக்கு எடுத்துப் போடலாம். மானியத்தில் வாங்கிய தனி சோலார் பம்புகளின் கதை இன்னும் வருத்தமானது. பயிர் முற்றி அறுவடைக்குக் காத்திருக்கும் வாரங்களிலும், கிணற்றில் தண்ணீர் வற்றும் கோடையிலும் அந்தத் தகடுகள் சும்மா காய்கின்றன. கிரிட்டில் இணைத்து, பம்பு ஓடாத நாளில் தெருவுக்குக் கொடுத்துக் காசு பெற வழி செய்தால், பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரை விடாமல் உறிஞ்சும் ஆசையும் குறையும். 2019இல் வந்த மத்திய குசும் திட்டம் இதற்கு இடம் வைத்தது.

திருவலத்தின் கணக்கு

காட்பாடி வட்டத்தில் இருக்கும் திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. ஆந்திரத்தின் கர்நூலிலிருந்து வரும் உயரழுத்த மின்தடம் அங்கேதான் இறங்குகிறது. நம் மாடிகளும் திருவலமும் ஒரே வலையில் இருப்பவை. 2013 கடைசியில் தென்னக வலையமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்தபின், மின்சாரத்தின் அதிர்வெண் 49.90க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது எல்லா மாநிலங்களும் சேர்ந்து காக்க வேண்டிய எல்லை.

தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரிய மின்சாரம் மதியம் குவிகிறது, வீடுகளின் தேவை இரவு ஏசி போடும்போது ஏறுகிறது. மதியத்தில் மிஞ்சும்போது யாரை நிறுத்துவது? காற்று, சூரிய மின் நிலையங்களை நிறுத்தக் கூடாது, கட்டாயம் ஓட வேண்டியவை என்பது விதி. தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களைத் தொழில்நுட்பக் காரணமின்றிக் குறைக்கச் சொன்னார்கள் என்ற வழக்கில் 2021 ஆகஸ்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. கிரிட்டில் சேர்த்துக்கொள்வதோடு கடமை முடியாது, சேர்த்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ளவும் வேண்டும் என்பது அதன் சாரம். இனி இந்த விதிகள் எல்லாம் பேட்டரியை நோக்கித்தான் போகும், மாலையில் மின்சாரம் தருபவருக்கு மதியத்தைவிட நல்ல விலை தரும் ஆணை வந்தே தீர வேண்டும்.

எங்கே கேட்பது

இணைப்பு தாமதமானால் முதலில் எழுத்தில் மனு, ஒப்புகைச் சீட்டோடு. பயனில்லை என்றால் மின் பகிர்மான வட்ட அளவில் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கும் மேலே சென்னையில் மின்சாரக் குறைதீர்ப்பாளர். 2003 சட்டத்தின் 42ஆம் பிரிவு இந்த இரண்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. வக்கீல் வைக்கத் தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

விதியையே மாற்ற வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் ஆணையம். கட்டண ஆணை எதுவும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுத்தான் பிறப்பிக்கப்பட வேண்டும். நூற்பாலைகளும் பெரிய நிறுவனங்களும் தவறாமல் எழுதுகின்றன, மாடிவீட்டுக்காரர்களும் தோல் பதனிடும் சிறு ஆலைகளும் அரிதாகவே எழுதுகிறார்கள். 2019இல் நெட் மீட்டரிங் போனது ஓர் ஆணையால். ஆணையம் வகுக்கும் ஒழுங்குமுறைகளைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது 2003 சட்டத்தின் 182ஆம் பிரிவு, ஆணைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 25 வருடம் உழைக்கப் போகிற தகட்டுக்கு இரண்டு வருடத்தில் மாறக்கூடிய ஆணை போதாது. ஒருமுறை நெட் மீட்டரிங்கில் இணைந்த வீட்டுக்குத் தகட்டின் ஆயுள் முழுக்க அதே முறை என்று ஒழுங்குமுறையிலேயே எழுதி உறுதி தர வேண்டும். ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் இன்னும் எத்தனை கிலோவாட் சோலாருக்கு இடமிருக்கிறது என்பதை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். வேலூர் வட்டத்திலிருந்து அடுத்த கருத்துக் கேட்புக்கு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் முதல் பக்கத்திலேயே கேட்கலாம்.